ஆப்பிரிக்க முரசுக்கு ஒரு பக்கவாத்தியம்

சிட்னி விமான நிலையத்தில் என்னை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் ஓர் உடும்பு. கஞ்சிரா வாசிப்பவன் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு செத்த உடும்பையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் போகிறான். பலாமர வளையத்தில் உடும்புத் தோலை இழுத்து ஒட்டி, ஓரத்தில் இரண்டு செப்புக் காசைக் கோத்துவிட்டால் அதுதான் கஞ்சிரா. "இது என்ன தோல்?" என்று அதிகாரி கேட்டார். உடும்புக்கு ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. "பெரிய பல்லி" என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த இன்னொருவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மூவரும் கூடிப் பேசி, வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.

ஆதி தாளத்தில் கொஞ்சம் வாசித்து, மூன்று முறை அடுக்கி வருகிற ஒரு மோராவும் வைத்து முடித்தேன். கைதட்டினார்கள். தட்டிய கையோடு என் பெட்டியைத் திறந்து, மனைவி கட்டிக்கொடுத்த மாவடு ஜாடியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். செத்த உடும்பை உள்ளே விடுகிற தேசம் மாவடுவை விடாது. நான் கஞ்சிராவைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டேன்.

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் சென்னையில் பகலில் குமாஸ்தா, மாலையில் கஞ்சிராக்காரன். ஒரு பாடகர் வயலின், மிருதங்கம், கஞ்சிரா என்று முழுப் பட்டாளத்தோடு வெளிநாட்டுக் கச்சேரிக்குக் கிளம்பினார், நானும் ஒட்டிக்கொண்டேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு தேவாலயத்துக் கூடத்தில் கச்சேரி. சிட்னியில் இருந்த தமிழர்கள் எல்லோரும் வந்தும் கூடம் பாதிதான் நிறைந்தது. மறுநாள் பிஜித் தீவிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று பேருக்குத்தான் விமானச் சீட்டு தருவார்களாம். கச்சேரியில் சிக்கனம் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் கழற்றிவிடப்படுவது கஞ்சிராதான்; இது சங்கீத உலகத்தின் எழுதாத சட்டம். "பதினைந்து நாளில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறோம்" என்று பாடகர் என் முதுகில் தட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

என்னை ஏற்றுக்கொண்டவர் சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர், ஸ்ட்ராத்ஃபீல்டில் சிவப்புச் செங்கல் வீடு. அவருடைய மனைவி மங்கை அக்கா சமையலில் கைதேர்ந்தவர், சைவ உணவு விஷயத்தில் மட்டும் சற்றுத் தாராளமானவர்.

"தம்பி, ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. கதிரையில இருங்கோ" என்றார் சிவபாதம். "மங்கை, தம்பி மச்சம் மாமிசம் தொடமாட்டார். தெரியும்தானே?"

"ஓம், ஓம். புட்டும் சம்பலும்தான்" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

சம்பல் அமிர்தமாக இருந்தது. மூன்றாம் முறை கேட்டு வாங்கிய பிறகுதான் அதில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருப்பது தெரிந்தது. "மாசி மச்சத்தில சேர்த்தியில்லைத் தம்பி, அது வாசத்துக்குப் போடுறது" என்று மங்கை அக்கா விளக்கினார். நான் விவாதிக்கவில்லை. வாய் ஏற்கெனவே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது.

ஊர் சுற்றிப் பார்க்க டாக்சி பிடித்தேன். சென்னைப் பழக்கத்தில் பின்சீட்டில் ஏறி, கால் மேல் கால் போட்டேன். ஓட்டுநர் வண்டியை எடுக்கவே இல்லை, திரும்பிப் பார்த்தார். "என்னிடம் ஏதாவது நாற்றம் வருகிறதா?" என்று கேட்டார். இந்த ஊரில் ஆண்பிள்ளை தனியாக டாக்சியில் ஏறினால் ஓட்டுநர் பக்கத்தில்தான் உட்கார வேண்டுமாம். பின்னால் உட்கார்ந்தால் அவரை வேலைக்காரராக நினைக்கிறோம் என்று அர்த்தம். முன்னால் போய் உட்கார்ந்தேன். வழி முழுக்கத் தன் மைத்துனனைத் திட்டிக்கொண்டே வந்தார். நானும் என் மைத்துனனைப் பற்றிச் சொன்னேன். இறங்கும்போது கை குலுக்கினோம்.

ஒரு காலையில் வீட்டு வாசலில் ஒரு நெடிய மனிதர் வந்து நின்றார். கறுப்பு நிறம், நரைக்கத் தொடங்கிய தாடி, மிக நேர்த்தியான கோட்டு. தேவாலயக் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. பெயர் கோஜோ. ஆப்பிரிக்காவில் கானா நாடு. லண்டனில் மேற்கத்திய இசை படித்துவிட்டு, சிட்னியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இங்கே தமிழர்கள் தவிர எல்லோரும் என்னிடம் பேசியது ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் எழுதுகிறேன், வசவுகளை மட்டும் சற்றுக் குறைத்துவிட்டேன்.

"என்னிடம் ஒரு பாட்டு இருக்கிறது, ஒரு முரசு இருக்கிறது, ஆடுவதற்கு ஒரு தங்கை இருக்கிறாள். சின்ன முரசுக்காரன் மட்டும் இல்லை. தகப்பனார் தவறிவிட்டார் என்று ஊருக்குப் போய்விட்டான். உங்கள் கைக்குள் அடங்குகிற அந்த வாத்தியம் போதும். மெல்போர்னுக்கு வருவீர்களா?" என்றார்.

அவர் கதையைக் கேட்டேன். அவருடைய ஊர் கடலோரம். மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டுகளை எடுத்து வயலினுக்கும் செல்லோவுக்கும் மேற்கத்திய முறையில் எழுதியிருந்தார். அதோடு முரசும் மணியும் ஆட்டமும் சேர வேண்டும். சேர்ந்தால்தான் அது முழுப்பாட்டு. லண்டனில் ஒரு முறை அரங்கேற இருந்தது. ஒத்திகை ஒத்துவரவில்லை என்று முரசையும் ஆட்டத்தையும் வெட்டிவிட்டு, தந்தி வாத்தியங்களை மட்டும் வாசித்தார்களாம். "பாட்டின் இரண்டு காலையும் வெட்டிவிட்டு, எவ்வளவு அழகாக நடக்கிறது பார் என்று கைதட்டினார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்" என்றார். இப்போது மெல்போர்னில் ஒரு வாத்தியக் குழு எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை. கடைசி ஒத்திகையில் முரசும் தந்தியும் இணையாவிட்டால் தந்தி மட்டும்தான். இரண்டாம் முறையும் அப்படி ஆனால் எழுதுவதையே விட்டுவிடப்போவதாகச் சொன்னார். அதை அழுது சொல்லவில்லை. தேநீரில் சர்க்கரை போட்டுக்கொண்டே சொன்னார்.

கலவை இசை எனக்குப் புதிதல்ல. சென்னை சினிமா ஸ்டுடியோவில் நாதஸ்வரத்தையும் பாங்கோவையும் கிதாரையும் ஒரே அறையில் அடைத்துவைத்து, மதியச் சாப்பாட்டுக்குள் பாட்டை முடித்துவிடுவார்கள். எது எதோடு சேரும் என்று அங்கே யாரும் கவலைப்பட்டுப் பார்த்ததில்லை. இந்த மனிதர் அதற்காகத் தூக்கம் கெட்டிருந்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் பக்கத்தில் லிட்கமில் ஒரு கூடத்தில் ஒத்திகை. கோஜோவின் முரசு மரத்தைக் குடைந்து செய்தது, ஏறக்குறைய என் உயரம். அதை ஒரு கையாலும் ஒரு குச்சியாலும் வாசித்தார். அவருடைய மாணவி ஒருத்தி நாக்கில்லாத இரும்பு மணியைக் குச்சியால் தட்டினாள். தங்கை அபா மருத்துவமனையில் நர்ஸ். காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு வந்து நின்றாள். என் கஞ்சிராவின் பூர்வீகத்தைக் கேட்டதும் எனக்குப் "பல்லிக்காரர்" என்று பெயர் வைத்துவிட்டாள்.

எனக்குக் கொடுத்த வேலை எளிது. ஒரே சொல், அதாவது ஒரே தாளக்கட்டு, அதைத் திரும்பத் திரும்ப, மாற்றாமல் வாசிக்க வேண்டும். எளிது என்றா சொன்னேன்? எங்கள் கையை அப்படி வளர்க்கவில்லை. நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒத்து ஊதுபவரின் பொறுமை எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கைக்குள் கணக்குகள் குறுகுறுத்தன. அடக்கிக்கொண்டு வாசித்தேன். கோஜோவின் பெரிய முரசு மட்டும் நினைத்தபடி பேசிக்கொண்டிருந்தது.

திடீரென்று அவர் ஒரு புதுச் சொல் அடித்தார். கம்பீரமான, வெட்டி விழுகிற சொல். எங்கள் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஒன்றைச் சொன்னால் கஞ்சிரா அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கை வரவில்லை என்று சபை சிரிக்கும். என் கை என்னைக் கேட்கவில்லை. அவர் அடித்ததை அட்சரம் பிசகாமல் திருப்பி அடித்துவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்தேன்.

அபா போய்க் கூடத்து மூலையில் இருந்த பியானோவில் மோதி நின்றிருந்தாள்.

"யார் என்னைத் திரும்பச் சொன்னது?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அண்ணா மாறு என்றார், மாறினேன். அடுத்த நிமிஷம் பல்லிக்காரர் மாறு என்கிறார். நான் என்ன பம்பரமா?"

கோஜோ விளக்கினார். அவர்கள் ஊரில் பெரிய முரசு சொல்வது ஆடுபவளுக்குக் கட்டளை. அந்தச் சொல் விழுந்தால், தாளச் சுற்று முடிகிற இடத்தில் அவள் அடியை மாற்றுவாள். மற்ற முரசுகள் மலை இடிந்தாலும் தங்கள் சொல்லை விடக் கூடாது. "எங்கள் ஊரில் இதைச் செய்தால் கையிலிருந்து வாத்தியத்தைப் பிடுங்கிவிடுவார்கள்" என்றார். "எங்கள் ஊரில் இதைச் செய்யாவிட்டால் பிடுங்கிவிடுவார்கள்" என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அபா சிரிக்கவில்லை.

கோபம் தணிந்த பிறகு அபாவே சாப்பாடு போட்டாள். எனக்காக மீன் சேர்க்காத நிலக்கடலைக் குழம்பு. நடுவில் உருளைக்கிழங்கு மாவைக் கிளறி உருட்டிய வெள்ளை உருண்டை. "மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும்" என்று எச்சரித்தாள். கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்கி வளர்ந்தவனிடமா? கிள்ளி, குழம்பில் தோய்த்து, தொண்டையில் வழுக்கவிட்டேன். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முரசடியில் இழந்த மரியாதையில் பாதி அந்தத் தட்டில் திரும்பி வந்தது.

மெல்போர்னுக்கு சிவபாதத்தின் ஸ்டேஷன் வேகனில் கிளம்பினோம்; மணி தட்டுகிற மாணவி ரயிலில் வருவதாக ஏற்பாடு. அவருடைய சகலன் மெல்போர்னுக்கு வெளியே ரோவிலில் வீடு கட்டியிருந்தார்; பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். "போட்டு வாறன்" என்று மங்கை அக்காவிடம் விடைபெற்றார். அக்கா இடியப்பத்தை வாழையிலைக்குப் பதில் அலுமினியத் தாளில் கட்டிக் கொடுத்தார். முரசைக் கூரையில் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டினோம். வண்டி வேகம் எடுத்ததும் காற்று அதன் அடிவாயில் புகுந்து ஊத ஆரம்பித்தது. சிட்னியைத் தாண்டியது முதல் ஒரே சுருதியில் ஊளை. சிவபாதம் அதற்கு ஏற்ற சுருதியில் தேவாரம் பாட முயன்றார். கோஜோ இரண்டையும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

வழியில் சாப்பாடு என் பிரச்சினை. இடியப்பம் முதல் நிறுத்தத்திலேயே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு எந்தக் கடையில் "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டாலும் கோழி கொண்டுவந்தார்கள். ஒரு கடையில் மட்டும் ஒரு புண்ணியவதி ரொட்டிக்குள் பீட்ரூட்டையும் அன்னாசிப் பழத்தையும் வைத்துக் கொடுத்தாள். இந்த இரண்டையும் யார் முதலில் சேர்த்து வைத்தார்களோ தெரியாது. சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது, பசி போய்விட்டது.

கண்டகாய் என்ற ஊரை நெருங்கும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. ஒரு பண்ணைக்காரர் வாளியில் தண்ணீரோடு வந்தார். எங்கள் நால்வரையும், கூரையில் படுத்திருந்த முரசையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று அபாவைக் கேட்டார்.

"சிட்னியிலிருந்து."

"அதற்கு முன்னால்?"

"மருத்துவமனையிலிருந்து. இரவு டியூட்டி முடித்துவிட்டு வந்தேன்" என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு முரசைத் தட்டிப் பார்க்கலாமா என்று கூச்சத்தோடு கேட்டார். தட்டினார். அவருடைய நாய் அலறிக்கொண்டு ஓடியது. மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். போகும்போது எங்களுக்கு ஒரு கூடை எலுமிச்சம்பழம் கொடுத்தார். மாநில எல்லைப் பக்கம் பழ ஈ பரவக் கூடாது என்பதற்காகச் சோதனை வைத்திருந்தார்கள். அங்கே அந்தக் கூடையைப் பறிகொடுத்தோம். இந்த நாட்டில் எனக்கும் பழவகைக்கும் ராசி இல்லை.

ரோவிலில் அப்போது வீடுகளைவிட மாடுகள் அதிகம். சிவபாதத்தின் சகலன், புது வீட்டின் பெயிண்ட் வாசனை போவதற்குள் இத்தனை பேர் வந்து இறங்குவோம் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் முகம் கோணவில்லை. "வீட்டுக்குள்ள வேண்டாம், பின்வளவில வைச்சு அடியுங்கோ" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கோஜோ கொல்லைப்புறத்தில் முரசை நிமிர்த்தி வாசித்ததும் பக்கத்து மேய்ச்சல் நிலத்து மாடுகள் எல்லாம் வேலியோரம் வந்து வரிசையாக நின்றன. நான் வாசித்தபோது திரும்பிப் போய்விட்டன.

மெல்போர்னில் காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, மதியம் காற்று. ஈரத்தில் கஞ்சிராத் தோல் தொய்ந்து, தட்டினால் சாக்குமூட்டைச் சத்தம் வந்தது. சகலன் வீட்டு டோஸ்டருக்கு மேலே பிடித்துக் காயவைத்தேன். அன்றைக்கு ரொட்டி உடும்பு வாசம் அடிப்பதாக வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் யாரும் சாப்பிடவும் இல்லை.

சிவபாதம் எங்களை டிராம் நிற்கிற இடம்வரை கொண்டுவந்து விடுவார். முரசோடு டிராமில் ஏறினால், அது ஆளா சாமானா என்று கண்டக்டருக்குச் சந்தேகம். "ஆள்தான், ஆனால் மரியாதையாக நின்றுகொண்டே வருவார்" என்றார் கோஜோ. கண்டக்டர் ஒரு சீட்டைக் கிழித்து முரசின் வாரில் செருகினார். ஆஸ்திரேலியாவில் எனக்கு வாய்த்த இரண்டு கண்டக்டர்களில் இவர் நல்லவர். இன்னொருவர், குச்சியை ஆட்டி வாத்தியக் குழுவை நடத்துகிற கண்டக்டர் கீத்.

கீத் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒல்லியானவர், மரியாதைக்காரர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்பவர். அவருடைய வயலின்காரர்கள் முதல் நாளே கோஜோவின் பகுதியை அழகாக வாசித்துவிட்டார்கள். வலைப்பாட்டு வயலினில் ஏறியபோது எனக்கே சிலிர்த்தது. சிக்கல் வந்தது முரசு நுழைந்த பிறகுதான்.

ஆட்டப் பகுதியில் முரசும் மணியும் சுற்றிக்கொண்டே இருக்கும். தந்திகள் மெல்லிய ஒரு சுரத்தைப் பிடித்தபடி காத்திருக்கும். அபாவின் கால் சூடேறியதும் கோஜோ பெரிய முரசில் கட்டளைச் சொல்லை அடிப்பார். சுற்று முடியும் இடத்தில் அவளும் மாறுவாள், தந்திகளும் புதுப் பாட்டில் நுழைய வேண்டும். எழுத்தில் சின்ன விஷயம். ஆனால் அந்தச் சொல் எது என்று தந்திக்காரர்களின் காதுக்குப் பிடிபடவில்லை. அவர்களுக்கு முரசு முழுக்க ஒரே இடி முழக்கம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அபா மாறியிருப்பாள். இரண்டு வயலின் இங்கே நுழையும், நாலு வயலின் அங்கே நுழையும், செல்லோக்கள் நுழையவே நுழையாது.

"மன்னிக்க வேண்டும், எத்தனை சுற்றுக்குப் பிறகு சொல் வரும் என்று ஓர் எண் கொடுத்துவிட்டால்?" என்றார் கீத்.

"எண் கிடையாது. ஆட்டம் எப்போது கேட்கிறதோ அப்போது" என்றார் கோஜோ.

"எழுதிவைத்தால் என் கால் கணக்குப் பண்ணுமே தவிர ஆடாது" என்று அபாவும் சொன்னாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த வாரம் கோஜோதான் மத்தளம். எனக்கு அவர் கட்சிதான் நியாயமாகப் பட்டது. எங்கள் பாடகர் ஒரே வரியை மாற்றி மாற்றி நிரவல் பாடும்போது எத்தனை ஆவர்த்தனம் பாடுவார் என்று யாராவது எண் கேட்டால் மேடையிலேயே எழுந்துவிடுவார். ஆனால் வயலின்காரர்களையும் குறை சொல்ல முடியவில்லை. அவர்கள் எழுதியதை வாசித்து வளர்ந்தவர்கள்.

கடைசி ஒத்திகை கச்சேரிக்கு முதல் நாள் மதியம். இரண்டு முறை முயன்றோம். இரண்டு முறையும் சிதறியது. கீத் குச்சியைக் கீழே வைத்தார். "மன்னிக்க வேண்டும் கோஜோ. இன்னும் ஒரு முறை பார்ப்போம். ஆகாவிட்டால் நாளைக்குத் தந்திகள் மட்டும்." இடைவேளை விட்டார்கள்.

கோஜோ வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை தூறியது. "அவர்கள் பாவம். என் முரசு அவர்களுக்குச் சத்தமாகத்தான் கேட்கிறது, பேச்சாகக் கேட்கவில்லை. அதற்கு நான் என்ன செய்வது?" என்றார். அவருக்காக எனக்குத் துக்கமாக இருந்தது. ஊர் பெயர் தெரியாத மனிதர்களோடு பதினைந்து நாள் பொழுது போக்க வந்தவன் நான், இந்தப் பாட்டு நடக்க வேண்டுமே என்று வேண்டாத தெய்வம் இல்லை.

மறுபடியும் ஆரம்பித்தோம். மணி, என் சொல், பெரிய முரசு, அபாவின் கால். தந்திகள் மெல்லிய சுரத்தில் காத்துக்கொண்டிருந்தன. பயத்தில் மனுஷன் எப்போதும் பழைய பழக்கத்துக்குத்தான் ஓடுவான். கோஜோ கட்டளைச் சொல்லை அடித்தார். அபா மாறினாள். என் கை, அடக்கி வைத்திருந்த கை, பழக்க தோஷத்தில் அதே சொல்லைத் திருப்பி அடித்துவிட்டது.

அபா ஆடிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த சுற்று முடிந்த இடத்தில் அத்தனை வயலின்களும் செல்லோக்களும் ஒன்றாக எழுந்து நுழைந்தன. ஓர் இழைகூடப் பிசகவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு என் சொல்லுக்குத் திரும்பினேன். அடுத்த கட்டளை வந்தபோது கீத் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். திருப்பி அடித்தேன். மறுபடியும் ஒன்றாக நுழைந்தார்கள்.

முடிந்ததும் செல்லோ வாசிக்கிற ஒரு பெரியம்மா கேட்டாள்: "இத்தனை நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? ஒரு தடவை சொன்னால் யாருக்குப் புரியும்?" முதல் தடவை விழுந்தது அவர்களுக்கு அதிர்ச்சி, கஞ்சிரா மெல்லிசாகத் திருப்பிச் சொன்னபோதுதான் அது சொல் என்றே விளங்கியிருக்கிறது.

"மன்னிக்க வேண்டும், நாளைக்கும் அப்படியே செய்யுங்கள்" என்றார் கீத்.

"முடியாது. ஒரே உத்தரவை இரண்டு தடவை சொல்ல நான் என்ன செவிடா?" என்றாள் அபா.

கோஜோ தங்கையைப் பார்த்தார். "உனக்கு என்னுடையது. பல்லிக்காரர் சொல்வது அவர்களுக்கு. நீ அதைக் காதில் வாங்காதே" என்றார். சம்பிரதாயப்படி இது தப்பு என்று அவருக்குத் தெரியும். டிராமில் திரும்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "பாட்டு பிழைத்துவிட்டது. உங்களுக்கு நன்றி. ஆனால் அவர்கள் இன்னும் என் முரசைக் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்கிறார்கள். என் முரசைக் கேட்கவைக்கத்தான் நான் இருபது வருஷமாக எழுதுகிறேன்." எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது, அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் மாலை கச்சேரி. கறுப்புக் கோட்டு வேண்டும் என்றார்கள். சிவபாதத்தின் கோட்டைப் போட்டேன். அதற்குள் என்னைப் போல் இன்னொரு கஞ்சிராக்காரனும் தங்கலாம். மேடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். சபையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் சிவபாதமும் சகலனும், வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வலைப்பாட்டு வயலினில் ஏறியது. மணி தொடங்கியது. நான் என் ஒற்றைச் சொல்லைப் பிடித்தேன். கோஜோவின் முரசு வாயைத் திறந்ததும் சபையின் இருமல் நின்றது. அபா வெறுங்காலோடு வந்தாள். முதல் கட்டளை. அவள் மாறினாள், நான் திருப்பிச் சொன்னேன், தந்திகள் நுழைந்தன. இரண்டாவதும் அப்படியே. கீத் சிரித்தார், நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் அத்தனை வாத்தியங்கள் என் கையைப் பார்த்துக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது கட்டளைக்கு முன்னால் அபா நெடுநேரம் ஆடினாள். அவள் கால் மேடையில் விழுகிற சத்தம் எனக்கு அடிவயிறுவரை வந்தது. ஒத்திகையில் எந்த நாளும் இவ்வளவு சுற்று போனதில்லை. செல்லோப் பெரியம்மா தாளைப் பார்க்கவில்லை. அபாவின் காலையும் கோஜோவின் குச்சியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வயலின்காரர்களின் தோள்கள் மெல்ல அசைந்தன. கோஜோ குச்சியை உயர்த்திச் சொல்லை அடித்தார்.

திருப்பிச் சொல்ல நான் கையைத் தூக்கினேன். அதற்குள் சுற்று முடிந்துவிட்டது. அபா மாறிய அதே இடத்தில், எனக்காகக் காத்திருக்காமல், பெரியம்மாவின் செல்லோ நுழைந்தது. அதோடு எல்லாச் செல்லோக்களும், அதோடு எல்லா வயலின்களும். கீத்தின் குச்சிகூட அரை மாத்திரை தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. கோஜோ வாசிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அவர் முகம் நனைந்திருந்தது, வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறாமையும் வந்தது, அழுகையும் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அபா சுழன்றபடி என் பக்கம் வந்தாள். மூச்சிரைக்க, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "கையை இறக்குங்கள். அவர்களுக்குக் கேட்டுவிட்டது."